பூமியின் நடுக்கருவைக் கண்ட ஓல்டாம்

விண்மீன்களின் தொலைவை அளந்து, சூரியனில் எரியும் வாயுக்கள் இன்னின்னவென்று பெயர் சொல்லும் திறம் மனிதனுக்கு வாய்த்த பின்னரும், தன் காலடியில் ஆழ்ந்து கிடப்பது யாது என்னும் வினாவுக்கு அவனிடம் நெடுங்காலம் விடையில்லாதிருந்தது. இது விந்தையன்றோ? வானம் எட்டாத உயரத்தில் இருப்பினும் கண்ணுக்குத் திறந்து கிடக்கின்றது; ஒளி அங்கிருந்து தானே வந்து செய்தி சொல்லுகின்றது. மண்ணோ ஒரு முழத்துக்குக் கீழேயே கதவடைத்துவிடுகின்றது. சோவியத் நாட்டினர் கோலா தீபகற்பத்தில் ஆண்டுகள் பலவாகத் துளைத்து, 1989-ஆம் ஆண்டில் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டினர். நேர் கீழாக அதனினும் ஆழமாக மனிதன் சென்றதில்லை. பூமியின் மையத்துக்கோ 6,371 கிலோமீட்டர். மாம்பழத்தின் தோலில் ஊசிமுனை பட்டது போன்றதே அத்துளை. தோல்கூட முழுதும் துளைபடவில்லை.

எனின், மையம் வரையுள்ள அமைப்பைப் பாடப்புத்தகங்களில் படம் வரைந்து காட்டுகின்றார்களே, அதனை யார் போய்க் கண்டு வந்தார் என்று இளமாணவர் வினவக்கூடும். போய்க் கண்டவர் எவருமிலர். பூகம்பம் வந்து சொல்லிற்று. அதன் மொழியை ஒருவர் உணர்ந்து உலகுக்கு உரைத்தார். ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டாம் என்னும் அவர் பெயர் பூகர்ப்ப நூல் பயில்வார்க்கெல்லாம் பழக்கமானதே. ஆனால், அவர் தம் வாழ்நாளில் இருபத்து நான்கு ஆண்டுகளை நம் நாட்டு மலைகளிலும் காடுகளிலும் உழைத்துக் கழித்தார் என்பதும், அவர் கண்ட பேருண்மைக்கு வித்திட்டது இந்திய மண்ணில் நேர்ந்த ஒரு பேரழிவே என்பதும் பலர் அறியாதன. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஓல்டாம் 1858-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள் டப்ளின் நகரத்தாராகப் பிறந்தார். அவர் தந்தையார் தாமஸ் ஓல்டாமும் பூகர்ப்ப நிபுணரே. டப்ளின் திரித்துவக் கலாசாலையில் அந்நூல் கற்பித்து வந்த தந்தையார், 1851-ஆம் ஆண்டில் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் தலைவராகக் கல்கத்தா வந்து, இருபத்தைந்து ஆண்டுகள் அவ்விலாகாவைப் பேணி வளர்த்தார். 1876-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் மீண்டவர், இரண்டு ஆண்டுகளில் காலமானார். மகனார் ரக்பி பள்ளியிலும், பின்னர் இலண்டனிலுள்ள அரசாங்கச் சுரங்கக் கலாசாலையிலும் பயின்று, 1879-இல் தந்தையார் உழைத்த அதே இலாகாவில் ஒரு சிற்றதிகாரியாக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

தந்தையார் அவருக்கு வைத்துச் சென்ற செல்வம் நிலமும் பொன்னும் அல்ல. முடிவுறாத கையெழுத்துப் படிகளே. 1869-ஆம் ஆண்டு ஜனவரியில் கச்சார் நாட்டைக் குலுக்கிய பூகம்பத்தைப் பற்றித் தந்தையார் திரட்டிய குறிப்புக்களும், பழங்காலம் முதல் இந்தியாவில் நேர்ந்த பூகம்பங்களின் பட்டியல் ஒன்றும் அரைகுறையாகக் கிடந்தன. மகனார் அவற்றைச் சீர்செய்து, 1882, 1883-ஆம் ஆண்டுகளில் தந்தையார் பெயராலேயே வெளியிட்டார். இறந்த தந்தைக்கு ஆற்றிய இக்கடன்தான் இளைஞரைப் பூகம்ப ஆராய்ச்சியின் பால் திருப்பியது என்று நாம் கருதுகின்றோம். கல்லையும் மலையையும் ஆராயப் பணிக்கப்பட்ட அதிகாரிக்குப் பூகம்பம் பக்கத் தொழில்; ஓல்டாமுக்கோ அது வீட்டுச் சொத்து.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவர் கால் ஓயவில்லை. இமயமலைச் சாரல், மணிப்பூர், நாகர் மலை, அந்தமான் தீவு, பலூசிஸ்தானம் என்று சுத்தியலும் கையுமாக அலைந்தார். இந்திய பூகர்ப்ப நூலின் இரண்டாம் பதிப்பை 1893-இல் திருத்தி எழுதி வெளியிட்டார். இவை யாவும் நல்ல அதிகாரி ஒருவரின் நற்பணிகள். இவற்றோடு நின்றிருந்தால் அவர் பெயர் இலாகாவின் ஏடுகளுக்கு வெளியே வந்திராது.

1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள், சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணியளவில் அஸ்ஸாம் நாடு அதிர்ந்தது. வரலாறு கண்ட மிகப் பெரிய பூகம்பங்களுள் ஒன்று அது. ஷில்லாங் நகரில் கல்லால் கட்டிய கட்டிடங்கள் யாவும் ஒரு நிமிஷத்துக்குள் தரைமட்டமாயின. சிரபுஞ்சியைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து, குடிகளைக் கூட்டங்கூட்டமாக மூடின. பிரமபுத்திரா வெளியில் நிலம் வாய் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. மாண்டார் ஏறக்குறைய 1,500 பேர். மாலை வேளையில் மக்களிற் பெரும்பாலார் வீட்டுக்கு வெளியே இருந்தமையாலேயே அத்தொகை இவ்வளவில் நின்றது. நள்ளிரவில் நேர்ந்திருந்தால் எத்தனை மடங்காகியிருக்குமோ! அதிர்ச்சி உணரப்பட்ட பரப்பு 17,50,000 சதுர மைல் என்று ஓல்டாம் பின்னர்க் கணக்கிட்டார்.

ஆராய்ச்சியை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. உடன்பணியாளரைத் திசைதோறும் அனுப்பியும், ரயில் நிலைய அதிகாரிகள், தேயிலைத் தோட்டத்தார், தந்தி அலுவலர் முதலியோர்க்கு வினாத்தாள் விடுத்தும், தாமே இடிந்த நாட்டில் நடந்து திரிந்தும் அவர் சான்று திரட்டிய முறை, ஆராய்ச்சி மாணவர் எவரும் படித்தறியத் தக்கது. எந்தத் தூண் எப்பக்கம் விழுந்தது, எந்தக் கடிகாரம் எம்மணியில் நின்றது என்று ஒன்றையும் விடாது குறித்தார். சட்டக் என்னும் ஊரில் ஒரு நினைவுத்தூணின் தலைப்பகுதி முறிந்து வீழ, எஞ்சி நின்ற பகுதி திருகிக்கொண்டு நிற்பதைக் கண்டார். செட்ராங் என்னும் ஓடையின் ஓரமாக நிலம் பிளந்து, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தினும் 35 அடி வரையில் உயர்ந்துவிட்டது. ஓடை அங்கங்கே அருவியாகவும் குளமாகவும் மாறியிருந்தது. மண்ணிற் பாதி புதைந்து கிடந்த பெரும்பாறைகள், தாம் கிடந்த குழியின் விளிம்பைச் சிறிதும் சிதைக்காமல் வெளியே வந்து கிடந்தன. பக்கவாட்டில் உருண்டிருந்தால் விளிம்பு நொறுங்கியிருக்கும். ஆகவே நிலம் அவற்றை மேல் நோக்கித் தூக்கியே எறிந்திருத்தல் வேண்டும். பூமியின் ஈர்ப்பு விசையையும் விஞ்சிய வேகத்தோடு அஃது எழுந்திருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு குழியின் வாயைப் பார்த்து இவ்வளவு சொன்ன கூர்மையை என்னென்பது!

அவருடைய பேரறிக்கை 1899-இல் வெளிவந்தது. பூகம்பத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. (கல்வீடுகள் கண்ட கதியைப் பார்த்த அஸ்ஸாம் மக்கள், மரச்சட்டமும் நாணற்றட்டியும் கொண்டு இலேசான வீடுகள் கட்டத் தலைப்பட்டனர் என்பதையும் இடையே சொல்லி வைப்போம். அறிக்கையைப் படித்தவர் சிலர். அவ்வீடுகளில் உயிர் பிழைத்தவர் பலர்.)

இனி நாம் அஸ்ஸாமை விட்டு ஐரோப்பாவுக்குச் செல்லுதல் வேண்டும். ஏனெனில் பூகம்பமும் அங்ஙனமே சென்றது. அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 1889-இல், ரெபூர் பாஷ்விட்ஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், சந்திரனின் ஈர்ப்பால் நிலம் சாய்கின்றதா என்று அறிய நுண்ணிய ஊசற்கருவி ஒன்றை நிறுவியிருந்தார். அது ஒருநாள் காரணமின்றி நடுங்கிற்று. அந்நேரத்துக்குச் சற்று முன்னர் ஜப்பானில் பூகம்பம் நேர்ந்ததைப் பின்னர்ப் பத்திரிகையில் படித்து, உலகின் மறுபக்கத்து அதிர்ச்சி நிலத்தினூடே தம்மிடம் வந்து சேர்ந்ததென்று அவர் தெளிந்தார். அவரோ முப்பத்து நான்காம் வயதிலேயே மறைந்தார். அவர் திறந்த வழியில் டோக்கியோவில் ஆசிரியராயிருந்து மீண்ட மில்ன் என்னும் ஆங்கில நிபுணரும், இத்தாலிய அறிஞர் பலரும் கருவிகள் செய்து நாட்டினர். 1897 ஜூன் 12-இல் அஸ்ஸாமின் அதிர்ச்சியை இத்தாலியக் கருவிகள் தெளிவாக எழுதிக்கொண்டன.

அப்பதிவுகளை ஓல்டாம் வருவித்துப் பார்த்தார். ஒரே பூகம்பம் மூன்று முறை வந்து கதவைத் தட்டியிருந்தது! முதலிற் சிறியதோர் நடுக்கம். அஸ்ஸாமிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆன காலம் பத்துப் பதினொரு நிமிஷங்களே. மேலும் எட்டு நிமிஷங்கள் கழித்து இரண்டாவது நடுக்கம். அதன் பின்னரே, நெடிய பேரலைகள் ஆடி அசைந்து வந்து நெடுநேரம் நின்றன.

இதன் பொருளென்ன? திடப்பொருள் ஒன்றில் இருவகை அலைகள் பரவக்கூடும் என்பதைப் பிரெஞ்சுக் கணித மேதையாகிய புவாசோன் முன்னரே கணக்கால் காட்டியிருந்தார். ரயில் வண்டித் தொடரை எஞ்சின் இடித்தால், அவ்விடி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நெருக்கி நெருக்கிச் செல்லுமன்றோ? அது முதல்வகை. கிணற்றுக்கயிற்றை உதறினால், நெளிவு கயிற்றின் நெடுக ஓட, கயிறோ குறுக்கே அசையும். அது இரண்டாம் வகை. முதலலை விரைந்தோடும், இரண்டாம் அலை பின்தங்கும். மூன்றாவதாகிய பேரலை பூமியின் மேற்பரப்பையே பற்றிக்கொண்டு சுற்றி வருவது. ஏட்டிற் கணக்காக இருந்த இம்மூன்றையும் உண்மைப் பூகம்பத்தின் பதிவில் பிரித்துக் காட்டியவர் ஓல்டாமே. இதனை விரித்து 1900-இல் எழுதினார். முதலிரண்டு அலைகளும் பூமியின் உள்ளே ஊடுருவி வருவன என்பதே இதிற் பொதிந்த பெருஞ்செய்தி. ஊடுருவி வருவன உள்ளே கண்டதைச் சொல்லாதிருக்குமோ?

அஸ்ஸாமின் அழிவுக்குப் பின் அரசாங்கமும் விழித்துக்கொண்டு, கல்கத்தா அலிப்பூரிலும், பம்பாய்க் கொலாபாவிலும், நம் கோடைக்கானலிலும் மில்ன் கருவிகளை 1898, 1899-ஆம் ஆண்டுகளில் அமைத்தது. ஆனால் ஓல்டாம் நெடுநாள் இங்கிருந்து அவற்றின் பயனைக் காணவில்லை. காடும் காய்ச்சலும் அவர் உடலைத் தளர்த்திவிட்டன. 1903-இல், நாற்பத்தைந்து வயது நிரம்புவதற்கு முன்னரோ பின்னரோ, உடல்நலக் குறைவால் பதவியைத் துறந்து தாயகம் மீண்டார். மலையேற முடியாத பூகர்ப்ப நிபுணர் என்ன செய்வார்? மேசைமீது விரித்த கோட்டுத்தாள்களுக்குள் ஏறத் தொடங்கினார். அவருடைய தலையாய செயல் நோயாளியாகத் திரும்பிய பின்னரே நிகழ்ந்தது என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

அக்காலத்தில் பூமியின் உட்புறத்தைக் குறித்து நிபுணரிடையே பெரும் பூசல் நிலவியது. எரிமலை கக்கும் குழம்பைக் கண்டவர், பூமி மெல்லிய ஓடும் உள்ளே கொதிக்கும் பாகுமாக உள்ளதென்றனர். அங்ஙனமாயின் கடலைப் போல நிலவோடும் சந்திரனுக்கு எழுந்து தாழும், கடலின் ஏற்றவற்றம் நமக்குப் புலப்படவே செய்யாது என்று கெல்வின் பிரபு மறுத்து, பூமி எஃகினையொத்த உறுதியுடைய திடப்பொருள் என்றார். காவெண்டிஷ் என்பவர் 1798-ஆம் ஆண்டிலேயே பூமியை நிறுத்து, அது தன் பருமனுள்ள நீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு கனமுடையது எனக் கண்டிருந்தார். மேற்பாறைகளோ மூன்று மடங்கும் தேறா. ஆகவே உள்ளே மிகக் கனத்த பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். அஃது இரும்பாகலாம் என்று 1897-இல் வீகெர்ட் என்னும் ஜெர்மானியர் ஊகித்தார். எல்லாம் ஊகமே. பலாப்பழத்தை எடை பார்த்துச் சுளை இருப்பதாகச் சொல்வது ஒன்று. தட்டிப் பார்த்து ஓசை கேட்டு, சுளை எங்கே தொடங்குகின்றது என்று சொல்வது வேறு. தட்டியோசை கேட்டவர் ஓல்டாம்.

பூகம்பம் நேர்ந்த இடத்திற்கு அருகிலுள்ள கருவிக்கு வரும் அலை ஆழம் செல்லாது வரும். தொலைவிலுள்ள கருவிக்குச் செல்லும் அலை ஆழ மூழ்கி எழும். கீழே செல்லச் செல்லப் பாறை இறுகுவதால் அலையின் வேகமும் மிகும். ஆதலின் தொலைவு இரட்டித்தாலும் காலம் இரட்டிப்பதில்லை. பல பூகம்பங்களின் பதிவுகளை அடுக்கிவைத்து நோக்கிய ஓல்டாம், பூமியின் சுற்றளவில் மூன்றிலொரு பங்கு வரை, அதாவது 120 பாகை வரை, இவ்வொழுங்கு பிசகாதிருக்கக் கண்டார். அதற்கப்பால் ஒழுங்கு குலைந்தது. அலைகள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. முதலலை சற்றே பிந்தியது. இரண்டாம் அலை பல நிமிஷங்கள் பிந்தியது. மிக ஆழமாக மூழ்கியவை மட்டும் தாமதித்தன எனின், ஆழத்தில் அவற்றைத் தடுக்கும் வேறொரு நாடு இருத்தல் வேண்டுமன்றோ? பூமியின் நடுவே, வெளிப்பகுதியினும் வேறான தன்மையுடைய கரு ஒன்று உண்டு. அதன் ஆரம் பூமியின் ஆரத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மிகாது. இதுவே 1906-இல் இலண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் வெளியீட்டில் அவர் நிறுவிய முடிவு. ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவி வானநூலாருக்கு எதுவாயிற்றோ, அதுவே பூகம்பக் கருவி தம்மவர்க்கு ஆகும் என்று அவ்வுரையின் தொடக்கத்தில் அவர் குறிப்பிட்டார்.

அக்கரு எதனாலாயது என்று அவர் அடித்துரைக்க முற்படவில்லை. பதிவு காட்டிய எல்லையில் தம் சொல்லையும் நிறுத்திக்கொண்டார். இஃது அவருடைய பெருமைகளுள் ஒன்றென்றே யாம் கொள்வோம். ஏனெனில் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று பின்னர் நிலைக்கவில்லை. பல நிமிஷங்கள் பிந்தி வந்த இரண்டாம் அலை என்று அவர் எண்ணியது, கருவினூடே வந்ததன்று; மேற்பரப்பில் மோதி மீண்டு வந்த வேறோர் அலையே என்று பின்னாளார் கண்டனர். இரண்டாம் அலை கருவுக்குள் நுழைவதேயில்லை. தண்ணீரைக் கயிறுபோல் உதற முடியுமா? கரு உருகிய நீர்மை என்பதால் உதறலலை அதன் வாயிலிலேயே மாய்ந்துவிடுகின்றது. இதனை ஜெப்ரீஸ் என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1926-இல் நிலைநாட்டினார். கருவின் அளவிலும் ஓல்டாமின் கணக்குக் குறைவுடையதே. வீகெர்ட்டின் மாணவராகிய குட்டன்பர்க், கரு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவதாக 1913-இல் கணக்கிட்டார். இன்று கொள்ளப்படும் 2,891 கிலோமீட்டருக்கு அஃது எத்துணை நெருக்கம்! சான்றில் ஒரு பகுதி சரிந்தும் முடிவு சரியாதிருந்தமையால், ஓல்டாம் நற்பேறுடையவர் என்று கூறுவாருமுண்டு. யாம் அதனை ஒப்புகிலோம். ஒழுங்கு குலையும் இடத்தைக் கண்ட கண் அவருடையது. அங்ஙனம் குலைவதற்குக் காரணம் கருவிகளின் பிழையன்று, பூமியின் அமைப்பே என்று துணிந்தவரும் அவரே.

அவர் திறந்த வாயிலில் அறிஞர் பலர் விரைந்து நுழைந்தனர். மேலோட்டின் அடிப்பகுதியை, 1909-இல் தம் குரோவேஷிய நாட்டில் நேர்ந்த பூகம்பத்தைக் கொண்டு மொகொரோவிசிச் கண்டார். அவ்வோடு கண்டங்களின் கீழ் முப்பது நாற்பது கிலோமீட்டரும், கடலடியில் பத்துக்கும் குறைவாகவும் தடிப்புடையது. அதன் கீழே கருவரையில் கிடப்பது பாறைமயமான மூடகம். கருவின் புறப்பகுதி உருகிய இரும்பாலாயது. அவ்விரும்பின் சுழற்சியே பூமியைக் காந்தமாக்கி, மாலுமியின் திசைமானி முள்ளை வடக்கு நோக்கி நிறுத்துகின்றது.

இங்கிலாந்து மீண்டபின் ஓல்டாமுக்குப் பெருமைகள் வந்து குவிந்தன. 1908-இல் பூகர்ப்பச் சங்கம் அவருக்கு லயல் பதக்கம் அளித்தது. 1911-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 முதல் 1922 வரை பூகர்ப்பச் சங்கத்தின் தலைமை தாங்கினார். பிரெஞ்சு நாட்டு ரோன் ஆற்றின் கழிமுகம் காலந்தோறும் மாறியதைப் பழைய கடற்படங்களைக் கொண்டு ஆராய்ந்தார். எனினும் பழைய இலாகாவை மறந்தாரல்லர். 1819-ஆம் ஆண்டில் கச்சு நாட்டில் நேர்ந்த பூகம்பத்தை முதுமையில் மீண்டும் ஆராய்ந்து எழுதியபோது, அதனோடு சேர்த்து 1897-ஆம் ஆண்டுப் பூகம்பத்தைக் குறித்துத் தாம் முன்னர் எழுதியவற்றையும் மறுபடி சீர்தூக்கிப் பார்த்தார். எழுபது வயதை அணுகியும் தம் அறிக்கையைத் தாமே நியாயசபை முன் நிறுத்தியவர் அவர்.

1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு லாண்ட்ரிண்டாட் வெல்ஸ் என்னும் ஊரில் அவர் ஆவி நீத்தார். அதே ஆண்டிலேயே டென்மார்க்கு நாட்டுப் பெண்மணியாகிய இங்கே லேமன் அம்மையார், 1929-ஆம் ஆண்டில் நியூஸிலாந்தில் நேர்ந்த பூகம்பத்தின் பதிவுகளை ஆராய்ந்து, உருகிய கருவுக்குள்ளே மற்றுமொரு உட்கரு உண்டென்று வெளியிட்டார். அது 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள திண்ணிய உருண்டை என்பது இன்றைய கணக்கு. ஓல்டாம் கண்ட பெட்டகத்துக்குள் இன்னொரு பெட்டகம் இருந்தது.

அஸ்ஸாமின் கதை அதன்பின்னும் முடியவில்லை. 1897-இல் எழுந்தாடிய நிலம் எவ்விடத்திற் பிளந்தது என்பது நூறாண்டுகளாக விளங்காதிருந்தது. ஓல்டாமின் அறிக்கையையும், பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைக் கணக்குகளையும் மீண்டும் ஆராய்ந்த பில்ஹாம், இங்கிலாண்டு என்னும் இருவர், ஷில்லாங் மேட்டுநிலத்தின் வடக்கு விளிம்புக்குக் கீழே புதைந்து கிடக்கும் ஒரு பிளவே அதற்குக் காரணம் என்று 2001-இல் எழுதினர். மண்ணின்மேல் அதன் தடம் தெரிவதில்லை. அதற்கு அவர்கள் ஓல்டாம் பிளவு என்று பெயரிட்டனர்.